கண் மட்டும் நான் போட்டேன்

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை முகம் துடைப்பது. என் முகத்தை அல்ல. வேங்கிக்காலில் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினேழு பேர் மாட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர் ஒரு வாய்ச் சோறு கேட்டதில்லை. ஒருவருக்கு ஒரு தும்மல் வந்ததில்லை. ஆனால் பதினேழு பேருக்கும் மூச்சு இருக்கிறது. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் வந்து பாருங்கள், படக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். மெட்ராஸிலிருந்து டெல்லி வரை எந்த மியூசியத்துக்குப் போனாலும் இப்படி ஒரு சேகரத்தைப் பார்க்க முடியாது.

இதைத்தான் தேரடித் தெரு டீக்கடையில் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், எனக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனார். அவர் ஏட்டு அப்பாசாமி என்று எனக்குத் தெரியாது. லுங்கியில் இருந்தார்.

மறுநாளே நீங்கள் ஜீப்பில் வந்துவிட்டீர்கள், சப்-இன்ஸ்பெக்டர் ராஜேந்திரன் சார். வாக்குமூலத்தை ஏட்டு எழுதட்டும் என்றீர்கள். அவர் கையெழுத்தைப் பார்த்தேன், சுத்தக் கோழிக் கிறுக்கல். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டேன். வாக்குமூலம் என்று வந்துவிட்டால் டீக்கடைப் பேச்சு பேசக் கூடாது. பதினேழு இல்லை. மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. அது இப்போது இல்லை.

பெயர் ஆதிமூலம். வயது அறுபத்தொன்று. கரண்டு ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்து, எண்பத்து மூன்றில் ரிடையர் ஆனேன். இந்த ஊரில் நான் நுழையாத வீடு கிடையாது. கோயில் குருக்கள் வீட்டுக்குள் போயிருக்கிறேன், கசாப்புக் கடைக்காரர் வீட்டுக்குள் போயிருக்கிறேன். "யாரு?" என்பார்கள். "மீட்டர்" என்பேன். கதவு திறந்துவிடும். மீட்டர் எப்போதும் உள் நடையில்தான் இருக்கும். எண்ணைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுத அரை நிமிஷம் போதும். மீதி நேரம் நான் சுவரைப் பார்ப்பேன். கல்யாண போட்டோ, பட்டாளத்துக்குப் போன பையன் போட்டோ, செத்துப் போனவர்களுக்கு மாலை போட்ட போட்டோ. பழைய வீடாக இருந்தால் கண்ணாடி ஓவியம், ஆலிலைக் கிருஷ்ணன், ஊஞ்சலில் லட்சுமி. பதினோராயிரம் சுவர் பார்த்திருப்பேன். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஐயாயிரம் வரும்.

என் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. என் மனைவி தங்கம்மாள் எழுபத்தொன்றில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவளை ஒரு போட்டோ எடுத்து வைக்கவில்லை. எடுக்கலாம் எடுக்கலாம் என்று இருந்தோம். இரண்டு வருஷத்தில் அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது. மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை. இதை நான் அனுதாபத்துக்காக எழுதவில்லை. ஒருவன் ஏன் படம் சேர்க்க ஆரம்பிக்கிறான் என்று கேட்டீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

எழுபத்து மூன்றில் ஒரு நாள், பெரிய தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சாந்த் பாஷாவின் படக்கடைக்கு ரீடிங் எடுக்கப் போனேன். சட்டம் போடுவதும் கண்ணாடியில் சாமிப் படம் எழுதுவதும் அவர்கள் குடும்பத் தொழில். அவர் அப்பா மதார் சாகிப் காலத்தில் கார்த்திகைத் தீபத்துக்கு வருகிற கூட்டம் அந்தக் கடையில்தான் நிற்கும். நான் போனபோது ஒரு கோடுகூட இழுக்காத வெறும் கண்ணாடிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. சாந்த் பாஷா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும்.

"ஏன் பாய், சும்மா உக்காந்துனு இருக்கே?"

"கண்ணு போட ஆளில்ல சார். சின்னசாமி செத்துட்டாரு. அவருதான் எங்களுக்குக் கண்ணு போடுவாரு."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "எங்க மார்க்கத்துல அது ஆகாது சார். கியாமத் நாள்ல, கடைசித் தீர்ப்பு அன்னிக்கி, அல்லா கேப்பான், கண்ணு போட்டியே, இப்ப உசுரு குடுன்னு. நான் எங்க போவேன் உசுருக்கு? நகை போடறேன், பொடவை போடறேன், முகத்துக்குக் கலரு போடறேன். கண்ணு மட்டும் வேற கைதான்."

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்குப் பிடிபடாது. கல்லில் செய்கிறவனும் சுவரில் எழுதுகிறவனும் கடைசியில்தான் கண்ணைத் திறப்பான். கண்ணாடிப் படம் தலைகீழ். எழுதுவது கண்ணாடியின் பின்பக்கம், பார்ப்பது முன்பக்கம். எது எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும். முதலில் கண். அதற்குப் பின்னால் முகத்தின் நிறம், அதற்கும் பின்னால் புடவை, தூண், திரைச்சீலை. ஆக, முகம் வருவதற்கு முன்னாலேயே கண் வந்துவிடும். வெறும் கண்ணாடியில் இரண்டு நாள் அது தனியாக விழித்துக்கொண்டிருக்கும்.

"எனக்கு அந்த நாளெல்லாம் கெடையாது பாய். குடு, நான் போடறேன்" என்றேன்.

மீட்டர் அட்டையில் கடுகளவு எண் எழுதிப் பழகிய கை. அணில் வால் முடியில் கட்டிய தூரிகை கொடுத்தார். மாதிரிக்கு என்ன செய்வது? என் சவரக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதல் ஜோடிக் கண்ணைப் பார்த்துவிட்டுச் சாந்த் பாஷா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சார், இது பாக்குது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு ஆபீசில் இருபத்தொன்பது வருஷத்தில் கிடைத்ததில்லை.

கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கண் போட்ட கண்ணாடியை நிமிர்த்தி வைக்கக் கூடாது. படுக்க வைத்து மேலே தினத்தாள் மூட வேண்டும். முகத்தின் நிறம் பூசிய பிறகுதான் நிமிர்த்தலாம். ஏன் என்று கேட்டேன். "தூசு ஒட்டும்னு அப்பா சொல்லுவாரு" என்றார். அவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

எழுபத்து நான்கு தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடையில் சரியான நெரிசல். நான் லட்சுமிக்குக் கண் போட்டு முடித்தேன். படுக்க வைக்க இடம் இல்லை. வாசற்காலில் சாய்த்து வைத்தேன். சாந்த் பாஷாவின் மனைவி மெஹ்ருன்னிசா பக்ரீத்துக்காக ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்துக்கொண்டிருந்தார், சுல்தான் என்று பெயர். அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக்கும் வாசற்காலுக்கும் நடுவில் இருந்த சந்தில் தலையை நீட்டிற்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. கயிறு மட்டும் தரையில் கிடந்தது. கண்ணாடியில் லட்சுமியின் கண்ணோடு ஒரு ஆட்டுக்குட்டி நின்றது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. எந்த ஓவியனாலும் அப்படி எழுத முடியாது. கண்ணுக்குப் பின்னால் வண்ணத்துக்குப் பதிலாக ஆடே வந்து பூசிக்கொண்டது, அவ்வளவுதான்.

சாந்த் பாஷா மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். "நல்லா கதை வுடறீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்து வரைஞ்சுட்டு என் தலையில மொளகா அரைக்கிறீங்களா? ஆட்ட எவனோ அறுத்துத் தின்னுட்டான். போயி தேடுங்க" என்றார். மூன்று நாள் தெருத் தெருவாக அவரே தேடினார். இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து நம்பாதவர் அவர் ஒருவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாந்த் பாஷா அந்தப் படத்தைக் கோணியில் சுற்றிப் பரணில் போட்டார். "நான் எடுத்துக்கட்டுமா பாய்?" என்றேன். "எடுத்துனு போங்க சார், என் கண்ணுல படாம" என்றார். என் சேகரத்தின் முதல் படம் அது. காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினேன். அன்று ராத்திரி வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

ஒரு படம் இருந்தால் சேகரம் ஆகாது. இது உங்களுக்கும் தெரியும்.

எழுபத்தாறில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வாடகை அறை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தங்க நிறத் தாடி. ரீடிங் எடுக்கப் போனால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், ஈ மொய்த்தாலும் அசைய மாட்டார். கொஞ்சம் தமிழ் பேசுவார். தான் என்பதே கரைந்து காணாமல் போக வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தேன் என்றார். பதினான்கு மாதமாக முயற்சி செய்தும் நடக்கவில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் ரீடிங்குக்குப் போனபோது, கண் போட்ட கண்ணாடி ஒன்றைத் தினத்தாளில் சுற்றி எடுத்துப் போய், அவர் கண் திறக்கும்வரை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கை வலித்தது. திறந்தார். ஆள் சின்னதாகிக் கண்ணுக்குத் தக்க அளவில் உள்ளே அமைந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் காசிக்குப் போய்விட்டார் என்றேன். யாரும் தேடவில்லை. அவர் ஆசைப்பட்டதைத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெள்ளையம்மாளை நீங்களே கண்டுகொண்டீர்கள். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினீர்களே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடி அண்ணாமலை உங்கள் ஊர். பௌர்ணமிக்கு மலை சுற்றி வருகிறவர்களுக்கு அவள் புளியமரத்தடியில் மோர் விற்பாள். நாற்பது வயது, தனி ஆள். சிரித்தால் வெற்றிலைக் காவி பல் அத்தனையும் தெரியும். அந்தச் சிரிப்பு என் சுவரில் இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் ஏங்கினேன். எழுபத்தெட்டு சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் பகலில், ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணாடியோடு போனேன்.

"இன்னா சாமி, கண்ணாடி வியாபாரமா? மீட்டரு வேலைய வுட்டுட்டியா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்த்தினேன்.

ஆனால் சிரிப்பு ஒட்டவில்லை. ஆள் வந்துவிட்டாள், பல் வந்துவிட்டது, கையில் மோர் டம்ளர்கூட வந்துவிட்டது. சிரிப்பு மட்டும் உள்ளே வரவில்லை. பெரிய ஏமாற்றம் சார். சேகரிக்கிறவர்களுக்கு இப்படி அவ்வப்போது நேரும்.

இந்த இரண்டு படத்துக்கும் பின்னால் அட்டை வைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் சாந்த் பாஷா. வெள்ளைக்காரர் படத்தைப் பார்த்தபோது, "சார், நீங்க முழுப் படமும் எழுதக் கத்துக்கினீங்களா?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். வெள்ளையம்மாள் படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். அவளிடம் அவரும் மோர் குடித்திருக்கிறார். பிறகு சட்டம் போட்டுக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து, எழுபத்தொன்பது தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் கண்ணாடி சுரண்டும் தகடு இருந்தது.

"கண்ணு நான் போடலன்னு இவ்ளோ நாள் தைரியமா இருந்தேன் சார். என் கடை கண்ணாடி, என் தூரிகை. அல்லா என்னைத்தான் கேப்பான். கண்ண எடுத்துட்டா அவங்க வெளிய வந்துடுவாங்க. எடுக்கறேன்."

"எடு பாய். ஆனா முதல்ல ஆட்டுல பாரு" என்றேன். நான் தடுக்கவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குட்டிப் படத்தைத் திருப்பி, அட்டையைக் கழற்றி, பின்பக்கமிருந்து சுரண்டினார். அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோன ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது. கண்தான் முதலில் போட்டது, அதனால் கண்தான் கண்ணாடியோடு ஒட்டி அடியில் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருக்கிற ஆட்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். தகட்டில் முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு சிவப்பாக வந்தது. கடைசியில் தினத்தாளின் மேல் ஒரு பிடி ஈரப் பொடியும், வெறும் கண்ணாடியில் ஜோடிக் கண்ணும் மிஞ்சின. சாந்த் பாஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நஷ்டம்தான். என் முதல் படம் அது.

அவர்களைத் திருப்பி எடுக்க முடியுமா என்று நீங்கள் நேற்று கேட்டதற்கு இதுதான் பதில். மனசில்லாமல் இல்லை. வழியில்லை.

சாந்த் பாஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போலீசுக்குப் போகிறேன் என்றார். நியாயம்தான். ஆனால் போலீஸ் வந்தால் மீதி இரண்டு படத்தையும் யாராவது ஒரு அவசரக்காரன் சுரண்டிப் பார்ப்பான், இரண்டு பிடி பொடிதான் மிஞ்சும். அவர்களைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது.

"போ பாய். போறதுக்கு முன்ன ஒரே ஒரு ஒதவி. புதுசா ஒரு கண்ணாடி வாங்கியாந்தேன். குமிழி இருக்குதான்னு பாத்துச் சொல்லிட்டுப் போ. இருந்தா திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

கண்ணாடிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கண்ணாடித் தகட்டைக் கொடுத்தால், எந்தத் துக்கத்தில் இருந்தாலும், அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணோட்டம் விடுவார்கள். செத்த வீட்டில் கொடுத்தாலும் தூக்கித்தான் பார்ப்பார்கள். நான் கொடுத்தது முன்பக்கம் தினத்தாள் ஒட்டியது, பின்பக்கம் மூன்று நாள் முன்பே நான் கண் போட்டு வைத்தது. அது யாருக்கு என்று போட்டபோது முடிவு செய்யவில்லை. சாந்த் பாஷா முற்றத்தில் நின்று, தினத்தாளை ஒரு இழுப்பில் உரித்துவிட்டு, வெயிலுக்கு நேராகத் தூக்கினார். கண்ணைப் பார்த்திருப்பார். அதற்குள் கண் அவரைப் பார்த்துவிட்டது.

கண்ணாடி கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் கொஞ்சம் கஷ்டமான வேலை. அவர் தன் கையாலேயே தூக்கினார். நான் கண் மட்டும் போட்டேன்.

அந்தப் படம்தான் என் சேகரத்தில் மிகச் சிறந்தது. பழைய மரக் கலர்ச் சட்டை, மேல் பையில் பென்சில், விரலிடுக்கில் பச்சை வண்ணம். ஒரே ஒரு குறை, சட்டையின் மூன்றாவது பித்தானில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. மற்றப் பித்தானில் இல்லை. ஏழு வருஷமாக அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் அது ஓவியரின் கையெழுத்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தப் படத்துக்குச் சட்டம் அறுத்துக் கொடுத்தவர் மெஹ்ருன்னிசா. நான் அளவு மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். கண்ணாடி அறுக்கக் கற்றுக்கொண்டார், சட்டம் போடக் கற்றுக்கொண்டார். ரிடையர் ஆகும்வரை மாதா மாதம் அங்கே ரீடிங் எடுக்கப் போவேன்.

"பெங்களூர் பக்கம் போனா விசாரிங்க அண்ணா" என்பார். சாந்த் பாஷா பெங்களூருக்கு ஓடிவிட்டார் என்றும், அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றும் ஊரில் பேச்சு. "இருந்துட்டுப் போவட்டும்ணா. அவரு இருக்காரு இல்ல, அது போதும்" என்பார்.

பள்ளிவாசலில் பெரியவர்கள் வந்து, இத்தனை வருஷம் ஆகிவிட்டது, ஒரு பாத்தியா ஓதிவிடலாம் என்று கேட்டார்களாம். "செத்தவங்களுக்குத்தான் பாத்தியா. உசுரோட இருக்கற மனுஷனுக்கு ஓதறீங்களா?" என்று கதவைச் சாத்திவிட்டார். டீக்கடையில் நான் பேசுவது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "ஆட்டுக் கதையவே நான் நம்பல" என்றாராம். என் வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

டீக்கடையில் ஏன் வாயைத் திறந்தீர், சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று கேட்டீர்கள். சேகரம் வைத்திருக்கிறவன் காட்டாமல் இருக்க முடியாது சார். இன்னொரு கண் பார்க்க வேண்டும். நான் அவர்களை எப்படி வைத்துக்கொண்டேன் என்று கேட்டுப் பாருங்கள். வெயில் படாமல், பூச்சி அரிக்காமல், தினமும் துடைத்து, பேசி, ஒரு சுடுசொல் சொல்லாமல். அதனால்தான் அவர்களும் என்னை அப்படிப் பார்க்கிறார்கள். மூன்று முகத்திலும் ஒரு துளி கோபம் இல்லை. கூடத்தில் எங்கே நின்றாலும் என்னையே பார்ப்பார்கள், ரொம்ப நாள் பழகியவர்கள் பார்க்கிற மாதிரி. தங்கம்மாள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நினைவு வந்தது, எழுதிவிடுகிறேன். மூலையில் தினத்தாள் மூடிப் படுத்திருக்கிற கண்ணாடியை ஏட்டய்யா நிமிர்த்த வேண்டாம். அதில் கண் மட்டும்தான் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் ஆள் அனுப்பி மெஹ்ருன்னிசாவை வரவழைத்துவிட்டீர்கள். உறவுக்காரர் அடையாளம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். மணி பத்தரை, நல்ல வெயில் வந்துவிட்டது. நடந்ததையும் சேர்த்து எழுதி முடிக்கிறேன்.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார். "இன்னா சார், வேலைக்காரியாட்டம் ஜீப்புல ஏத்தினு வந்துட்டீங்க. கடைய யாரு பாக்கறது?" என்று உங்களிடம் சண்டை போட்டார். உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"போட்டோவ பாத்து எழுதியிருக்காரு. நல்லா எழுதியிருக்காரு. இதுக்கா என்னைக் கூப்டீங்க?"

"கிட்டப் போயி பாரும்மா" என்றீர்கள்.

கண்ணாடிக்காரியின் பழக்கம், கிட்டே போனதும் வெளிச்சம் விழுகிற பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரல் மூன்றாவது பித்தானில் வந்து நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது.

"இது போட்டோவுல கெடையாது" என்றார் மெதுவாக. "அந்த ஞாயித்துக்கிழம காலைல பித்தான் வுட்டுப் போச்சு. மரக் கலரு நூலு இல்ல. பச்ச நூலுல தச்சேன். திரும்பி வந்ததும் மாத்திக் குடுன்னாரு."

பிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை, ஒரு பேராக இருக்கலாம். கண்ணாடியின் உள்பக்கம், சாந்த் பாஷாவின் வாய் இருக்கிற இடத்தில், ஆவி படிந்தது. உண்மையை எழுத வேண்டும். அந்த வெயில் நேரத்தில் ஆவி படிந்து நான் பார்த்ததில்லை. ஏழு வருஷமாகத் தினமும் அவரோடு பேசியிருக்கிறேன். எனக்கு ஒரு தடவையும் அப்படி வந்ததில்லை.

அந்த அம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் துடைத்துப் பார்த்தார், ஆவி உள்ளே இருந்ததால் போகவில்லை. இடது பக்கம் நகர்ந்து பார்த்தார், வலது பக்கம் நகர்ந்து பார்த்தார். படத்தின் கண் அவர் பக்கம் திரும்பவில்லை. அது எப்போதும் போல என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரரையும் வெள்ளையம்மாளையும் பார்த்தார். கடைசியில் மறுபடி என்னைப் பார்த்தார். நீங்களும் அப்போது அதே மாதிரி பார்த்தீர்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் உங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நடந்தது நெஜந்தான் சார். இது எங்க வூட்டுக்காரருதான், உள்ள உசுரோடதான் இருக்காரு. பித்தான் நான் தச்சது, வாயி அவருது. கண்ணு மட்டும் அவருது இல்ல. மூணு பேருக்கும் இந்தாளு கண்ணுதான் இருக்குது."